இரண்டாம் நம்பர் சடக்கு

காண்டா வாளியில் ரப்பர் பால் சுமந்த காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு ஒன்றிரண்டு டிரைவர்களே போதும். வெட்டிய பாலை அவரவர் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்துவிடுவார்கள். செம்பனை வந்த பிறகு நிலைமை மாறியது. ஒரு குலை 10 கிலோவிலிருந்து 25 கிலோ வரை கனக்கும். அதைத் தோளில் வைத்து மைல் கணக்கில் நடக்க முடியாது. அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறி விலை இறங்கும். அதனால் நிரைகளுக்கு நடுவே புதுச் சடக்குகள் போட்டார்கள், டிராக்டர்கள் வந்தன, அவற்றை ஓட்ட ஆள் தேடினார்கள். பால்வெட்டுக்காரர்களாக இருந்த எங்கள் அப்பாக்கள் டிரைவர்கள் ஆனது இப்படித்தான்.

கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் இடையில் இருந்தது எங்கள் தோட்டம். பத்தாங் பெர்ஜுந்தைக்கு இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அந்தப் பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டமும் இருக்கிறது. மலாயாவிலேயே முதன்முதலாக வியாபார அளவில் செம்பனை நட்டது அங்கேதான், 1917-இல். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. மற்றத் தோட்டங்கள் பால்மரத்தை விட்டுச் செம்பனைக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. எங்கள் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்தபோது நான் கைக்குழந்தை.

எனக்கு நினைவு தெரிந்து முதலில் மனசில் பதிந்தது இரண்டாம் நம்பர் சடக்கு. ஸ்டோருக்குப் பின்னால் தொடங்கி, வளைவே இல்லாமல் நேராக, கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை போகும் செம்மண் பாதை. கடலோரச் சதுப்பை வடித்து உண்டாக்கிய நிலம் என்பதால் இரண்டு பக்கமும் ஆழமான பாரிட். மழைக்காலத்தில் பாரிட்டில் தண்ணீர் சடக்கு மட்டத்துக்கு நிற்கும். குறுக்கே பலகைப் பாலங்கள். டிராக்டரின் சக்கரத்துக்கு இருபுறமும் ஒரு சாண்கூட மிச்சம் இருக்காது. அந்தப் பாலத்தில் டிரெய்லரோடு பின்பக்கமாக ஏற்றத் தெரிந்தவரைத்தான் தோட்டம் டிரைவர் என்று ஒப்புக்கொள்ளும்.

தோட்டத்தில் வண்டி பழகாத ஆம்பிளை இல்லை என்றே சொல்லலாம். வேலை முடிந்து டிராக்டரைக் கொட்டகையில் விடுவதற்கு முன் ஒரு நடை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு நடை, கோயில் திருவிழாவுக்கு மணல் ஏற்றப் போகும்போது ஒரு நடை. எல் பலகை கிடையாது, கட்டணம் கிடையாது, போலீஸ் உள்ளே வந்து லைசன் கேட்டதும் இல்லை. தவறினால் பாரிட்டில் விழுவோம், அவ்வளவுதான். விழுந்த வண்டியைச் சங்கிலி போட்டு இன்னொரு டிராக்டரால் இழுத்து, கிராணியின் காதுக்கு எட்டுவதற்குள் கழுவி நிறுத்திவிடுவார்கள். மறுநாள் அதே ஆளை அதே சடக்கில் மறுபடி ஏற்றி உட்கார வைப்பார்கள். தப்புக்குப் பேரேடு இல்லாத பள்ளிக்கூடமாக இருந்தது அது. அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் பழகியது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று இன்றைக்குப் புரிகிறது.

அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தவரை நாங்கள் டிரைவர் தாத்தா என்போம். சப்பான்காரன் காலத்திலேயே லோரி ஓட்டியவர். கையால் பிடிக்க வேண்டாம், காதால் பிடி என்பாராம். எந்த கியருக்கு என்ன சத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்வாராம். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும் என்றானபோது ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் ஊர் திரும்பின. டிரைவர் தாத்தாவும் ஒரு நாள் ரஜூலா கப்பல் ஏறினார். அவரை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போன லோரியை யார் ஓட்டுவது என்பதில் சண்டையே வந்ததாம். கடைசியில், 'நானே ஓட்டிட்டுப் போறேன், திரும்பி வரும்போது எவனாச்சும் ஓட்டிக்கிட்டு வாங்க' என்று அவரே ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் சற்று நேரம் பேசாமல் இருப்பார்.

அப்பாவுக்கு லைசன் தேவைப்பட்டது அதற்குப் பிறகுதான். எங்கள் தோட்டத்தில் ஆலை இல்லை. குலைகளைப் பக்கத்துத் தோட்டத்து ஆலைக்கு வெளி ரோட்டில் கொண்டுபோக வேண்டும். உள்ளே ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தாலும் வெளி ரோட்டில் ஏறக் காகிதம் வேண்டும். லைசன் கொடுக்கும் இலாகாவை ஜே.பி.ஜே. என்று இன்று சொல்கிறோமே, அதை அப்போது ஆர்.ஐ.எம்.வி. என்பார்கள், எங்கள் பெரியவர்கள் சிலர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். டவுனில் இருந்த அந்த அலுவலகத்துக்கு அப்பா, கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். சட்டத்தை வாயால் கேட்டார்கள். சந்தியில் எந்த வண்டிக்கு வழி விடுவாய், ஏன் என்று அதிகாரி மலாயில் கேட்க வேண்டும், அப்பா மலாயில் பதில் சொல்ல வேண்டும். கடைத்தெரு மலாய் அப்பாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் காரணம் சொல்கிற மலாய் அவரிடம் இல்லை. எந்த வண்டிக்கு என்று சரியாகக் காட்டினாராம். ஏன் என்ற கேள்விக்கு நின்றுவிட்டார்.

பெயில்.

அந்த ஒரு நாளைக்கு அவருக்குப் பேர் இல்லை, அதாவது கூலி இல்லை. பஸ் காசும் போயிற்று. எல்லாவற்றையும்விட மறுநாள் விடியற்காலைப் பெரட்டுதான் பெரிது. இருட்டில் மண்டோர் பெயர் கூப்பிட, மொத்தத் தோட்டமும் நிற்கும். அப்பாவின் பெயர் வந்ததும் ஒரு நொடி எல்லாரும் அமைதி. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையாம். பெரட்டு கலைந்த பிறகு ஸ்டோர் கிராணி அப்பாவைத் தனியாக அழைத்து, சாயங்காலம் வீட்டுக்கு வா என்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், தொழிலாளிகளோடு ஒட்டாதவர் என்று பேர். அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து, தீப்பெட்டிகளை வண்டிகளாக வைத்து, ஒவ்வொரு சந்திக்கும் காரணத்தை மலாயில் சொல்லப் பழக்கினார். கிராணிமார்களைப் பற்றி எங்கள் ஆட்கள் சொல்லும் கசப்பான கதைகளில் பல உண்மை. இதுவும் உண்மை, அதனால் எழுதி வைக்கிறேன்.

வாய்ப் பரீட்சையில் தேறியும் அப்பா ரோட்டில் மறுபடி தவறினார். திரும்புமுன் சிக்னல் காட்டவில்லை. டிராக்டரில் சிக்னல் இருந்தால்தானே கை அதைத் தேடும்? இரண்டாம் நம்பர் சடக்கில் பின்னால் யாரும் வருவதில்லை. கண்ணாடி பார்க்கும் பழக்கமும் வரவில்லை. தோட்டம் எங்களுக்குக் கையையும் காலையும் பழக்கியது; மற்ற மனிதர்களோடு ரோட்டைப் பங்கிட்டுக்கொள்வதைப் பழக்கவில்லை. ஆகவே அவரைத் தவறவிட்ட அந்த அதிகாரி செய்தது சரியென்றுதான் நினைக்கிறேன். இந்த நாட்டில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள். அதில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. தஞ்சோங் காராங் போகும் அந்த அஞ்சாம் நம்பர் ரோட்டில் நான் தூக்கிப் பார்த்த குழந்தைகளும் உண்டு.

லைசன் கிடைத்த வருஷத்து ஆயுத பூசை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டிராக்டர்களை வரிசையாக நிறுத்தி, மூஞ்சியில் சந்தனம் பூசி, செம்பருத்தி மாலை போட்டு, முனியாண்டி சாமிக்குப் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்தார்கள். அப்பா தன் லைசனைச் சாமிக்கு முன்னால் தட்டில் வைத்தார். பூசாரி அதற்கும் குங்குமம் வைத்துவிட்டார். அந்தச் சிவப்புக் கறை போகவே இல்லை. பல வருஷம் கழித்து ரோட்டில் நிறுத்திய போலீஸ்காரர் ஒருவர், இது என்ன ரத்தமா என்று கேட்டாராம்.

என் கதை சுருக்கம். படிப்பு முடிந்து வேலைக்கு வந்தபின் ஷா ஆலத்தில் பழகினேன், முதல் தடவை பார்க்கிங்கில் கம்பைத் தட்டிவிட்டு, அடுத்த முறை தேறினேன். கையில் சம்பளம் இருந்தது, கேட்டால் லீவு கிடைத்தது. நான் சொல்ல வந்தது சின்னம்மாவின் கதை.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியவர். சித்தப்பா இளம் வயதில் தவறிவிட்டார். 1990-களில் தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்குப் போனது, குலை வெட்டுக்கு வெளிநாட்டுத் தொழிலாளிகள் வந்தார்கள், லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சின்னம்மா ஈஜோக் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டுக்குப் போய், விடியற்காலையில் தோசையும் நாசி லெமாக்கும் கட்டி விற்கத் தொடங்கினார். தோட்டத்தில் கோயிலும் பள்ளியும் கடையும் ஆயாக் கொட்டகையும் நடக்கிற தூரத்தில் இருந்தன. வெளியே வந்ததும் எதற்கும் வண்டி வேண்டியிருந்தது. பஸ் வருகிற நேரத்தில் தோசை ஆறிவிடும். செலாங்கூர் ஆம்னிபஸ்ஸில் சட்டியும் கூடையுமாக ஏறினால் கண்டக்டர் முகம் சுளிப்பார். ஒரு பழைய கஞ்சில் கார் விலைக்கு வந்தது. பெரோடுவா 1994-இல் விட்ட அந்தக் குட்டி வண்டி எங்கள் ஜனங்களில் எத்தனையோ பெண்களை முதன்முதலாக ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்தது. காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, லைசனுக்குப் போனார் சின்னம்மா. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

கணினியில் சட்டப் பரீட்சை. 50 கேள்வி, 42 சரியாக இருக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், கேள்விப் புத்தகத்தை அடுப்படியில் சாய்த்து வைத்து, மாவு கரைத்துக்கொண்டே மனப்பாடம் செய்தார். முதலில் மார்க்கு எட்டவில்லை. எலி என்று பேர் வைத்திருக்கும் அந்தச் சாதனம் கைக்கு அடங்கவே இல்லை, பதில் தெரிந்தும் பக்கத்துக் கட்டத்தில் விழுந்துவிட்டது என்றார். என் தம்பியின் கணினியில் சீட்டு விளையாட வைத்துக் கையைப் பழக்கினோம். பிறகு அதில் தேறிவிட்டார்.

பெரிய சோதனை மேட்டில் வந்தது. பயிற்சித் திடலில் சிமெண்டில் ஒரு மேடு கட்டியிருப்பார்கள். ஏறுகிற வழியில், உச்சிக்கு முன்னால், மஞ்சள் கோட்டுக்குள் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கிளச்சைப் பாதி விட்டு, இஞ்சின் முனகுகிற நேரம் பார்த்துக் கைப்பிரேக்கை இறக்கி, பின்னால் உருளாமல் ஏற வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஏன் அவ்வளவு கஷ்டம் என்று பிற்பாடு யோசித்தேன். ஜெராமிலிருந்து சபாக் பெர்ணம் வரை கடலோரம் முழுக்கத் தட்டை நிலம். தென்னை, செம்பனை, செகிஞ்சான் வயல், எங்கே பார்த்தாலும் ஒரே மட்டம். மேடு என்பதே எங்கள் கால்களுக்குத் தெரியாது. ஆயுசு முழுக்கத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய மாமா ஒருவரும் அந்தச் சிமெண்டு மேட்டில்தான் தவறினார்.

சின்னம்மாவின் வண்டி அங்கே செத்துப் போனது. அடுத்த முறை பின்னால் உருண்டது. அதற்கடுத்த முறை ஏறியேவிட்டது, ஆனால் மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றிருந்தது. ஒவ்வொரு தடவையும் மறுபரீட்சைக் கட்டணம், மறுபடி தேதி, ஒரு நாள் வியாபாரம். தகரக் கூரைக்கு அடியில் பெஞ்சில் நம்பர் சட்டை மாட்டி உட்கார்ந்திருக்கும் பையன்கள், பெண்கள் எல்லாம் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள். சின்னம்மா வயதில் அங்கே இருந்தது தஞ்சோங் காராங்கிலிருந்து வந்த ஒரு மலாய் மக்சிக் மட்டும். அவரும் மேட்டில் தவறியவர். இருவரும் ஒருவருக்கொருவர் தெர்மாஸ் கோப்பி ஊற்றிக் கொடுத்து, அடுத்த தேதியை ஒன்றாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் ஒரு புரோக்கர் வீடு தேடி வந்தார். இன்னும் கொஞ்சம் காசு போட்டால் திடலுக்குப் போகவே வேண்டாம், லைசன் வீட்டுக்கு வரும் என்றார். கோப்பி-ஓ லைசன் என்று நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். நாங்கள்கூட, போதும் சின்னம்மா, வாங்கிவிடலாம் என்றோம். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். 'காசு குடுத்து வாங்குன லைசன் மேட்டுல நிக்காது, தாயி. நீ போயி நிறுத்திப் பழகு' என்று மட்டும் சொன்னார். சின்னம்மா அந்த ஆளுக்கு ரெண்டு தோசை கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கடைசியில் பயிற்சி வண்டிக்காரரே ஒரு வழி சொன்னார். கோலசிலாங்கூரில் ஒரே ஒரு மெய்யான மேடு உண்டு, புக்கிட் மலாவாத்தி. டச்சுக்காரர்களும் சுல்தான்களும் மாறி மாறிப் பிடித்த கோட்டை, 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம், பீரங்கிகள், மனிதரைக் கண்டு பயப்படாத சாம்பல் குரங்குகள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஜனம் தாங்காது. வார நாளில், விடிந்தும் விடியாத நேரத்தில், எல் பலகை மாட்டிய வண்டியில் சின்னம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனார். நான் பின் சீட்டில். ஏறு, நிறுத்து, விடு, ஏறு. வண்டி உருண்டால் பின்னால் சுவர் இல்லை, பையன்கள் இல்லை, அதிகாரி இல்லை. இரண்டாம் நம்பர் சடக்கு அப்பாவுக்குக் கொடுத்ததை அந்தக் குன்று அன்றைக்குச் சின்னம்மாவுக்குக் கொடுத்தது. ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் அவர் கைப்பிரேக்கில் கையை வைத்தபடி, 'சத்தம் மாறுது பாப்பா, கேக்குதா?' என்றார். டிரைவர் தாத்தா சொன்ன பாடம் அது. அவரைச் சின்னம்மா சின்னப் பிள்ளையில் பார்த்ததோடு சரி. அப்பா வழியாக வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

அடுத்த தேதியில் தேறினார். மக்சிக்கும் அன்றைக்கே தேறினார். இரண்டு வருஷத்துக்கு ஒட்ட வேண்டிய 'பி' வில்லையைக் கண்ணாடியில் ஒட்டியதும் சின்னம்மா முதலில் கார் ஓட்டிப் போனது தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு. அப்போது கோயில் மட்டும்தான் அங்கே மிச்சம்.

சில வருஷம் கழித்துப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. தென் கொரியாவில் சா சா-சூன் என்ற அம்மையார், காய்கறி விற்கிறவர், எழுத்துத் தேர்வில் மட்டும் 950 தடவை போல் உட்கார்ந்து, 2009-இல் தேறி, 2010-இல் கையில் லைசன் வாங்கினார். வயது 69. கேள்வியில் வருகிற சொற்களின் பொருள் விளங்காமல் விடைகளை மனப்பாடம் செய்தே தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். ஹியுண்டாய் கம்பெனி அவருக்கு ஒரு காரே கொடுத்தது. உலகம் முழுக்க அதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டார்கள். நான் சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. 'எதுக்கு வேணுமாம் அந்த அம்மாவுக்கு லைசன்?' என்று கேட்டார். காய்கறி ஏற்றிப் போக என்றேன். 'அதானே' என்றார். எனக்கும் அந்த ஒற்றைச் சொல்லுக்கு மேல் அந்தச் செய்தியில் சொல்ல ஒன்றும் இல்லை.

லாத்தார் நெடுஞ்சாலை 2011-இல் திறந்த பிறகு எங்கள் பக்கமே அடையாளம் தெரியாமல் ஆகிவிட்டது. அசாம் ஜாவா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், எங்கும் புது வீடுகள், தொழிற்பேட்டைகள். ஸ்டோர் இருந்த இடத்தில் ஒரு கிடங்கு நிற்கிறது. இரண்டாம் நம்பர் சடக்கின் பாதி தாரும் விளக்குக் கம்பமுமாக மாறி, ஒரு தாமானின் உள்தெருவாகிவிட்டது. மீதிப் பாதிக்கு வேலி போட்டுவிட்டார்கள். பாரிட்டுக்கு சிமெண்டுச் சுவர் வைத்திருக்கிறார்கள். விற்றது தப்பு, கட்டியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. லயத்து வாழ்க்கையைப் பொன்னாகச் சொல்லவும் மாட்டேன். அங்கே மழை ஒழுகியதும் பசித்ததும் எனக்குத் தெரியும். ஆனால் விழுந்து எழுந்து பழக ஒரு மைல் நீளச் செம்மண் எங்களுக்கு இருந்தது. இன்றைக்குத் தவறுகிற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தவறுதலுக்கும் கட்டணம் இருக்கிறது. இரண்டு தடவை தவறி, பணம் இல்லாமல் விட்டுவிட்டு, லைசன் இல்லாமலே மோட்டார் சைக்கிளில் ஓடுகிற பையன்களை ஒவ்வொரு தாமானிலும் காட்ட முடியும். வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக மோட்டார் சைக்கிள் லைசன் எடுத்துக் கொடுக்க அரசாங்கம் மைலெசன் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது; அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே எங்கள் கோயில் கமிட்டியில் சொல்லி வைத்தேன். நல்ல காரியம்.

சின்னம்மாவின் பேத்தி போன மாதம் கார் பரீட்சைக்குப் போனாள். கெட்டிக்காரி, கணினித் தேர்வில் ஒரே போக்கில் தேறியவள். திடலில் மேடு சுலபமாக ஏறினாள், பார்க்கிங்கில் தவறிவிட்டாள். வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அம்மா எனக்குப் போன் போட, நான் போனேன். சின்னம்மா கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலி, இப்போது அவர் அதிகம் ஓட்டுவதில்லை. கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

'அடுத்த தேதி கேட்டுட்டு வந்தியா இல்லியா?'

உள்ளே இருந்து பதில் இல்லை.

'கேக்காம வந்துட்டியா? பாப்பா, நீ போன் போட்டுக் கேளு. நாளைக்கே போயி காசு கட்டணும். அன்னிக்கு நானும் கூட வரேன், பெஞ்சுல உக்காந்திருக்கேன்.'

போன் போட்டுக் கேட்டேன். இருபத்திரண்டாம் தேதி, காலை எட்டு மணிக்கு.